மடிப்புக்குத் துணைநிற்கும் புரதங்கள்

உடலின் அலகு கலம். கலத்தின் வினையாளர் புரதங்கள். உண்ட உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களும், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினும் புரதங்களே. ஒவ்வொரு புரதமும் அமினோவமிலங்கள் கோவையாய் இணைந்த நீண்ட சங்கிலியாகப் பிறக்கின்றது. பெரும்பாலும் அச்சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்தாலன்றிப் பயன்படாது. அதனை மடிப்பவர் யாவர்?

பிறர் மடிக்க வேண்டுவதில்லை, தானே மடியவல்லது என்பதை அமெரிக்க அறிஞர் கிறிஸ்தியன் அன்பின்சன் காட்டினார். 124 அமினோவமிலங்களாலான ரைபோநியூக்கிளியேஸ் என்னும் நொதியத்தை அவர் இரசாயனப் பொருள்களால் விரித்துத் தொழிலிழக்கச் செய்தார். அப்பொருள்களை நீக்கியபின் அது முன்னை வடிவையும் தொழிலையும் மீளப் பெற்றது. எனவே, வடிவுக்குரிய விதி சங்கிலியின் வரிசையிலேயே அடங்கியுள்ளது என்பது பெறப்பட்டது. இதற்காக அவர் 1972 இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

ஆயின், பரிசோதனைக் குழாய் வேறு, கலம் வேறு. பற்றீரியக் கலத்தினுள் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 300 கிராம் அளவில் புரதம் முதலிய பெருமூலக்கூறுகள் செறிந்துள்ளன. தேர்த்திருவிழாக் கூட்டம் போன்ற அந்நெருக்கடியில், மடிந்து முடியாத சங்கிலியின் நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரிகின்றன. அவை அயற்சங்கிலிகளின் அத்தகைய பகுதிகளோடு ஒட்டித் திரளும். முட்டையின் வெண்கரு வெப்பத்தால் உறைவதும் இத்தகைய திரட்சியே. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளரின் மூளையிலும் பிழைபட மடிந்த புரதங்கள் திரண்டிருத்தல் காணப்படுகின்றது.

இத்தகாத சேர்க்கையைத் தடுப்பனவே துணைப்புரதங்கள். தவளை முட்டையிற் கண்ட ஒரு புரதத்துக்கு லாஸ்கியும் அவர்தம் குழுவினரும் 1978 இல் இப்பெயரை இட்டனர். கன்னியருக்குக் காவலாக உடன்செல்லும் மூதாட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்கள் கையாண்டது. நம் அகப்பொருள் மரபிற் செவிலியை ஒருபுடை ஒப்பாகக் கூறலாம். பின்னர் அப்பெயர் மடிப்புக்கு உதவும் புரதங்களுக்கும் விரிந்தது.

1989 இல் ஹார்ட்ல், ஹோர்விச் முதலியோர் மதுவத்தின் இழைமணிகளை ஆராய்ந்து, ஆங்குச் சில புரதங்கள் துணையின்றி மடியா எனக் கண்டனர். பற்றீரியாவில் இத்துணை, ஏழேழு அலகுகள் கொண்ட இரு வளையங்கள் அடுக்கிய குடம் போன்றது. சங்கிலியொன்று உட்புகுந்ததும், ஏ.ரீ.பீ. என்னும் சத்திப்பொருளின் துணையால் வேறொரு புரதம் மூடியாய் அமைகின்றது. சில விநாடிகள் அச்சங்கிலி பிறவற்றின் இடையூறின்றித் தனித்திருந்து மடிகின்றது. பின் மூடி திறக்க, வெளியேறுகின்றது. மடிப்பு முற்றுப்பெறாவிடின் மீண்டும் உட்புகுதலும் உண்டு. வெப்பம் மிகும்போது, கலம் துணைப்புரதங்கள் பலவற்றை மிகுதியாக ஆக்கிக்கொள்கின்றது.

இவற்றை முதலிற் படித்தபோது, ஆசிரியனாகிய யான் துணைப்புரதம் வடிவைக் கற்பிக்கும் ஆசான் என்றே கருதினேன். அது தவறு. குடம் வடிவைத் தருவதில்லை. சங்கிலியிற் பொதிந்துள்ள வடிவு வெளிப்பட இடமும் காலமும் தருகின்றது. முற்றிய புரதத்தில் அதன் கூறு எதுவும் தங்குவதுமில்லை. எனது பிழை துணைப்புரதத்தைப் பற்றியது மட்டுந்தானா, என் தொழிலைப் பற்றியதுமா என்று அன்று முதல் எண்ணி வருகின்றேன்.