கறுப்புக் காரும் கல் தூசியும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பணம் இருந்தால் போதும். ஆனேக்கல்லில் அதைக் கறுப்பாகவே வைத்திருப்பது வேறு சமாசாரம்.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில், அத்திப்பள்ளியில் இடது பக்கம் திரும்பினால் ஆனேக்கல். மாநகரம் வளர்ந்து வளர்ந்து இந்தத் தாலுகாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் ராகிக் கொல்லைகள். இன்னொரு பக்கம் சர்ஜாபூர் வட்டாரத்தில் மதில் சூழ்ந்த வில்லாக்கள். பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஜிகணியில் கிரானைட் கல்லை அறுத்து மெருகேற்றும் பட்டறைகள். கல் ஏற்றிய லாரிகள் போகும் சாலைகளில் வெண்தூசி அடங்குவதே இல்லை. வில்லாவின் போர்ட்டிகோவிலிருந்து புறப்படும் இரண்டு கோடி ரூபாய் போர்ஷேவும் இதே சாலையில்தான் போயாக வேண்டும்.

வாங்குவதும் அவ்வளவு சுலபமில்லைதான். முழுதாக வெளிநாட்டில் தயாரித்து இறக்குமதியாகும் விலையுயர்ந்த காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகும் சுங்கமும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 110 சதவீதமாகவே இருந்தன. அதன் மேல் ஜி.எஸ்.டி.; பெரிய எஞ்சின் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கடைசியாகக் கர்நாடகத்தின் ஆயுட்கால சாலை வரி. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு இது 18 சதவீதம். இந்த வரிக்குப் பயந்து வேறு மாநிலத்தில் பதிவு செய்துவிட்டு பெங்களூரில் ஓட்டுவது பலருக்கு வழக்கமாகிப் போனது. 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் ஒரே நாளில் 30 சொகுசுக் கார்களைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், மகாராஷ்டிரப் பதிவு எண்ணோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு சிவப்பு ஃபெராரிக்கு அதன் உரிமையாளர் 1 கோடியே 41 லட்ச ரூபாய் வரி கட்ட நேர்ந்தது. வரியாக மட்டும் கட்டிய அந்தத் தொகையில் நகரத்தில் ஒரு நல்ல ஃபிளாட் வாங்கியிருக்கலாம்.

ஆனால் வரி ஒருமுறை கட்டினால் தீர்ந்தது. நிறம் அப்படி அல்ல.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கறுப்புக்கு எதிர்ப்பு முதலிலேயே கிளம்பிவிடும். சனிக்கு உரிய நிறம், நல்ல காரியத்துக்கு எடுத்த நிறமில்லை என்பார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு காரணமும் இருக்கிறது. அது சோதிடத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. கறுப்பு தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதன் மேல் ஒரு மெல்லிய கீறல் விழுந்தால், கீறலின் விளிம்பு மட்டும் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். இதே கீறல் வெள்ளைக் காரிலும் இருக்கும். யார் கண்ணிலும் படாது, அவ்வளவுதான்.

வெயிலில் நிற்கும் பழைய கறுப்புக் காரைப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலிருக்கும். பட்டறைக்காரர்கள் இதை ‘ஸ்விர்ல் மார்க்’ என்கிறார்கள். வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகிறது.

கீறல் விழுவது கறுப்பின் மேலேயே அல்ல. துருத் தடுப்பு அடிப்பூச்சு, அதன் மேல் இன்னொரு பூச்சு, பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ‘கிளியர் கோட்’. நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். மேல் பூச்சு மட்டும் 40, 50 மைக்ரான். தலைமயிரின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மெஷின் வைத்து பாலிஷ் போடும்போது கீறல் ‘நிரம்புவதில்லை’. கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள பூச்சு தேய்த்து எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் போனாலும் போனதுதான். ‘வருஷம் மூன்று முறை பாலிஷ்’ என்று பெருமையாகச் சொல்பவர் தன் காரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

இங்கேதான் ஆனேக்கல்லின் தூசி வருகிறது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. பேனாக்கத்தியைவிடக் கடினம். தூசி காரின் மேல் சும்மா கிடக்கும்வரை கெடுதல் இல்லை. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடுகிறது. ஜிகணியில் கல்லுக்கு மெருகேற்றுகிறவர்கள் சொரசொரப்பான தேய்ப்புக் கல்லில் தொடங்கி, தண்ணீர் விட்டுக்கொண்டே, படிப்படியாக நைசுக்குப் போகிறார்கள். வில்லாவில் நடப்பது இதற்கு நேர் எதிர்: கம்பெனியிலிருந்து நைசாக வந்ததைச் சொரசொரப்பாக்குகிறோம்.

பழி பெரும்பாலும் காலையில் கார் துடைக்க வருகிறவர் மேல் விழும். விடிவதற்குள் அவர் பத்துப் பதினைந்து கார்களை முடிக்க வேண்டும். ஒரு வாளி, ஒரு துணி. மாதத்துக்கு ஒரு காருக்குச் சில நூறு ரூபாய். பக்கத்து வீட்டு ஜீப்பின் சேற்றைத் துடைத்த அதே துணிதான் போர்ஷே மீதும் போகும். காருக்கு லட்சக்கணக்கில் பூச்சுச் செலவு செய்கிறவர், அவருக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கித் தர யோசிக்கிறார் என்பதுதான் வேடிக்கை. இரண்டாவது வாளி அவசியம். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் கையுறையை அலச வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. தரையில் விழுந்த துணியைத் திரும்பக் காரில் வைக்கவே கூடாது.

தண்ணீரும் இங்கே ஒரு பிரச்னை. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் வெயிலில் காய்ந்தால் கறுப்பின் மேல் சுண்ணாம்பு வட்டங்கள் நிற்கும். நாள்பட்டால் அவை பூச்சையே அரிக்கும். ஆகவே நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் வறட்சி முற்றியபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. குடத்துக்கு வரிசையில் நின்ற ஊரில், காரைக் கழுவுவதற்கே கூச்சப்பட வேண்டியிருந்த கோடை அது.

கவசங்கள் இல்லாமல் இல்லை. ‘செராமிக் கோட்டிங்’ நீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது. கல் தெறித்தால் தாங்காது. விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு; வைரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. தெறிக்கும் கல்லுக்கு உகந்தது பாலியூரித்தேன் ஃபிலிம்தான். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த யோசனையின் வாரிசு இது. லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்மூக்கு தாழ்வு, டயர்கள் அகலம். முன்பக்கமும் பின்சக்கர வளைவும்தான் அதிகம் அடிபடும். முழுக் காருக்கும் ஒட்ட லட்சத்தைத் தாண்டும் என்பதால், அந்த இடங்களுக்கு மட்டும் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்த ஃபிலிமும் ஒட்டாதவர்களுக்கு வருடத்தில் கண்டம் ஒரு நாள்: ஆயுத பூஜை. கர்நாடகத்தில் அன்று சைக்கிளிலிருந்து பஸ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. பானெட்டில் அப்பிய சந்தனம் காய்ந்தபின் தேய்த்து எடுத்தால் கீறல். குங்குமம் ஈரத்தில் ஊறினால் கறை. எலுமிச்சைச் சாறு அமிலம். பூஜையை விட வேண்டியதில்லை. பொட்டை முன் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கலாம். எலுமிச்சம்பழம் சக்கரத்தின் கீழேயே இருக்கட்டும். குங்குமம் கரைத்து ஊற்றிய பூசணிக்காயை உடைக்கும்போது மட்டும் கார் பத்தடி தள்ளி நிற்பது நல்லது.