மாதச் சம்பளக்காரர் பைலட் லைசென்ஸ் வாங்க முடியுமா? முழுக் கணக்கு இதோ

கார் லோன், வீட்டு லோன் பற்றி நிறைய பேசிட்டோம். இன்றைக்குக் கொஞ்சம் வித்தியாசமான ஆசை. "வேலையை விடப் போறதில்லை சார், ஆனா வாழ்க்கையில ஒரு தடவையாவது நானே விமானம் ஓட்டணும். எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்வியை ஐடி வேலையில் இருக்கும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கவும் வேண்டாம், ஆசையில் கடன் வாங்கி மாட்டவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிபிஎல் என்றால் என்ன?

பிரைவேட் பைலட் லைசென்ஸ். இந்தியாவில் இதைத் தருவது டிஜிசிஏ. வயது 17 ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு பாஸ் போதும். பி.காம் படித்தவரும் தாராளமாக வாங்கலாம்.

இந்த லைசென்ஸை வைத்துச் சம்பாதிக்க முடியாது. நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறக்கலாம், ஆனால் விமானம் ஓட்டியதற்காகக் காசு வாங்கக் கூடாது. அதற்கு கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும், அது 200 மணிநேரப் பயணம், வேறு பட்ஜெட். அதனால் பிபிஎல்லை முதலீடு என்று நினைக்காதீங்க. இது செலவு. மனசுக்குப் பிடித்த, பெரிய செலவு.

பாதை எப்படி இருக்கும்?

முதலில் கிளாஸ் 2 மெடிக்கல். பிறகு மாணவர் பைலட் லைசென்ஸ். விமான விதிகள், நேவிகேஷன், வானிலை, விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு. குறைந்தது 40 மணிநேரம் பறக்க வேண்டும், அதில் 20 மணிநேரம் பயிற்சியாளர் இல்லாமல் தனியாக. அந்தத் தனிப் பறத்தலில் 5 மணிநேரம் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். அதில் ஒரு பயணம் 150 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். கடைசியில் பறந்து காட்டும் தேர்வு.

இப்போ காசு

ஒரு மணிநேரப் பறத்தலுக்கு ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். இடத்தையும் விமானத்தையும் பொறுத்து இது மாறும். 40 மணிநேரத்துக்கு 6 லட்சம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 40 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். நீங்க 55 மணிநேரத்துக்குப் பட்ஜெட் போடுங்க.

55 மணிநேரம் x 15,000 = 8,25,000
மெடிக்கல், தேர்வு, வகுப்பு, ஹெட்செட், போக்குவரத்து = 1,25,000 (இது என் தோராயம்)
மொத்தம் = 9,50,000

கடன் வாங்கினால்?

இதே 9.5 லட்சத்தை 14% வட்டியில், 5 வருட பர்சனல் லோனாக எடுத்தால் இஎம்ஐ சுமார் 22,100. மொத்தம் கட்டுவது 13.26 லட்சம். வட்டி மட்டும் 3.76 லட்சம், அதாவது 25 மணிநேரம் பறக்கிற காசு பேங்குக்குப் போகுது.

வரிச்சலுகையாவது கிடைக்குமா என்றால், பர்சனல் லோன் வட்டிக்குக் கிடையாது. 80இ என்று நாம் சொல்லும் கழிவு உயர்கல்விக்காக வாங்கும் கடனுக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். உங்களில் பலர் இப்போ புது முறையில்தான் இருக்கீங்க.

மாதம் ஒரு மணிநேரம் பறக்கலாமே?

"கடன் வேண்டாம், சம்பளம் வரவர மாதம் ஒரு மணிநேரம் பறக்கிறேன்" என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இதுதான் காஸ்ட்லியான வழி. ஒரு மாதம் கழித்து உட்காரும்போது கை மறந்திருக்கும். ஒவ்வொரு மணிநேரத்திலும் 20 நிமிடம் பழையதை ஞாபகப்படுத்தவே போகுது என்று வைத்தால், 40 மணிநேரப் பயிற்சிக்கு 60 மணிநேரம் பறக்கணும். 6 லட்சம் 9 லட்சம் ஆயிடும். மழை, விமானப் பழுது என்று ஒரு வகுப்பு ரத்தானால் இடைவெளி இரண்டு மாதமாகும். பலர் பாதியில் விடுவது இந்த இழுவையில்தான்.

நான் சொல்லும் வழி: நீண்ட காலம் சேமிங்க, குறுகிய காலத்தில் பறங்க. மாதம் 20,000 வீதம் 48 மாதம் போட்டால் வட்டி இல்லாமலே 9.6 லட்சம். ஆர்டி அல்லது லிக்விட் ஃபண்ட் போதும். பறக்கப் போகும் பணத்தைப் பங்குச் சந்தையில் விட்டு ரிஸ்க் எடுக்காதீங்க. கடைசி வருடத்தில் தேர்வுகளுக்குப் படிங்க. தேர்வு முடிவுகளுக்குச் செல்லுபடிக் காலம் உண்டு, அதனால் ரொம்ப முன்னாடி எழுத வேண்டாம். பிறகு சேர்த்து வைத்த லீவையும் வாரக் கடைசிகளையும் போட்டு, வாரம் இரண்டு மூன்று முறை பறந்து ஆறேழு மாதத்தில் முடிக்கப் பாருங்க.

பணம் கட்டும் முன் ஐந்து விஷயம்

1. மெடிக்கல்தான் முதல் செலவு. நிறக்குருடு போன்ற ஒன்று தெரிய வந்தால், லட்சங்கள் கட்டிய பிறகு தெரிய வேண்டாம்.

2. மணிநேரம் எப்படி அளக்கப்படுகிறது என்று கேளுங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதிலிருந்தா, சக்கரம் தரையை விட்டதிலிருந்தா? ரன்வேக்குப் போகும் 10 நிமிடத்துக்கும் காசுதான்.

3. ஜிஎஸ்டி. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கூடங்களின் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு விலக்கு உண்டு என்று 2024 அக்டோபரில் சுற்றறிக்கை வந்தது. கொட்டேஷனில் 18% இருந்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்க. 8.25 லட்சத்தில் அது 1,48,500 ரூபாய்!

4. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீங்க. 10 மணிநேரம் 10 மணிநேரமாகக் கட்டுங்க. பாதியில் நின்றால் ரீஃபண்ட் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

5. இன்சூரன்ஸ். பல தனிநபர் விபத்து பாலிசிகள், டிக்கெட் வாங்கிய பயணியாகப் பறந்தால் மட்டுமே கவர் தரும். நீங்களே ஓட்டினால் கிடையாது. டெர்ம் பாலிசி எடுக்கும்போது பறக்கும் பழக்கம் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்க. ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதில் என்ன விலக்கு என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு பதிலைப் பத்திரமா வைங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், க்ளெய்ம் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அலையக் கூடாது.

யார் இப்போ தொடங்கக் கூடாது?

ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி இல்லாதவர், அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்காதவர், கிரெடிட் கார்டு பாக்கி ஓடிக்கொண்டிருப்பவர். தங்கையின் கல்யாணத்துக்கு என்று சேர்ந்த பணத்தில் கை வைக்கவும் வேண்டாம். இதையெல்லாம் முடித்துவிட்டு வந்தாலும் வயசு ஆகிவிடாது. 17 என்பது ஆரம்ப வயசு, முப்பதைத் தாண்டியும் நிறைய பேர் கற்றுக்கொள்கிறார்கள். லைசென்ஸ் வந்த பிறகும் மாதாமாதம் பறக்கக் காசு வேணும், அதையும் பட்ஜெட்டில் எழுதுங்க.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை: "பறத்தல்" என்று பெயர் வைத்து ஒரு ஆர்டி தொடங்குங்க. மூன்று மாதம் தவறாமல் 20,000 கட்ட முடிந்தால், இந்த ஆசை உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும். முடியவில்லை என்றால் தொகையைக் குறைத்து வருடத்தைக் கூட்டுங்க. உங்கள் கணக்கு எங்கே இடிக்குது என்று கமெண்டில் எழுதுங்க, அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.