ஒரு கோப்பைத் தேநீரும் நான்கு தீர்ப்புகளும்

குற்றம் சாட்டுகிறவரே அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர் என்பதும், ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேர வேண்டும் என்பதும் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் நெறிகள். தொழில்முறை விளையாட்டை ஆளும் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளில் இந்நெறிகள் பாதி வழியோடு நின்றுவிடுகின்றன. வீரர் ஒருவரின் சிறுநீரில் அல்லது குருதியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் காட்டிவிட்டால், அவர் அதை அறிந்து உட்கொண்டாரா, அறியாமல் உட்கொண்டாரா, அதனால் அவருடைய ஆட்டத்திற்கு ஏதேனும் பயன் விளைந்ததா என்னும் கேள்விகள் எழுவதற்கு முன்பே விதிமீறல் நிலைநாட்டப்பட்டதாகிவிடுகிறது. தம் உடலுக்குள் செல்லும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பாளி என்னும் இக்கோட்பாட்டைத் தமிழில் 'முழுப் பொறுப்பு' எனலாம். மேற்கண்ட கேள்விகள் பின்னர் எழத்தான் செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தண்டனையின் அளவைத் தீர்மானிப்பதற்காகவே எழுகின்றன, அவற்றுக்கு விடை கூறும் சுமையும் வீரரின் தோள்மீதே விழுகிறது.

இக்கோட்பாட்டைக் கொடுமை என்று எளிதாகத் தள்ளிவிட இயலாது. மனத்துள் இருந்த எண்ணத்தை மெய்ப்பித்தாலன்றி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று வைத்துக்கொண்டால், பிடிபடும் ஒவ்வொருவரும் பானத்தில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று கூறித் தப்பிவிடலாம். மருந்தின் துணையின்றி நேர்மையாக விளையாடும் பெரும்பான்மையினருக்கு அதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. 1999-இல் தோற்றுவிக்கப்பட்டு மான்ட்ரியலில் தலைமையகம் கொண்டு இயங்கும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது வழக்கில் 'வாடா' என்று அழைக்கப்படும் அமைப்பு, 2004-இல் நடைமுறைக்கு வந்த தன் விதித்தொகுப்பை இக்கோட்பாட்டின்மேல்தான் எழுப்பியது. உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா அவ்விதிகளோடு இணங்கிச் செல்வதற்கு முன், எல்லார்க்கும் ஒரே அளவான தடை என்பது முறையன்று, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று சில ஆண்டுகள் வாதிட்டது. அந்த வாதத்தில் உண்மை இருந்தது என்பதைப் பின்வந்த வழக்குகள் காட்டுகின்றன. ஏனெனில் கால்பந்து வீரருக்குத் தண்டனையாக விதிக்கப்படுவது காலம், அவரிடம் மிகக் குறைவாக இருப்பதும் அதுவே.

சோதனை நடைபெறும் முறையைப் பொறுத்தவரை குறை கூறுவதற்கு அதிகம் இல்லை. ஆட்டம் முடிந்தவுடன், பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் சோதனை அறைக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அதிகாரி ஒருவரின் நேர்ப்பார்வையில் குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீரைத் தர வேண்டும் என்பதால், தொண்ணூறு நிமிடம் ஓடி உடல்நீர் வற்றிய வீரர்கள் தண்ணீர் குடித்தபடி நெடுநேரம் அங்கே காத்திருப்பதும் உண்டு. அந்தச் சிறுநீர் 'ஏ', 'பி' என இரண்டு குப்பிகளில் முத்திரையிடப்பட்டுப் பெயரின்றி எண்ணை மட்டும் தாங்கி ஆய்வகத்திற்குச் செல்கிறது. முதற்குப்பியில் தடைப்பொருள் தென்பட்டால், இரண்டாம் குப்பியைத் தம் முன்னிலையில் திறந்து சோதிக்கக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு. ஆய்வகம் தன் பணியைத் திறம்படச் செய்கிறது. ஆனால் இப்பொருள் எவ்வழியாக வந்தது என்பதைச் சொல்ல அதனால் பெரும்பாலும் இயலுவதில்லை. அந்த இடைவெளியில்தான் பெரு நாட்டு அணித்தலைவர் பாவ்லோ கெரேரோவின் வழக்கு நிகழ்ந்தது.

2017 அக்டோபர் 5 அன்று புவெனஸ் அயர்ஸில் அர்ஜென்டினாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்திற்குப் பின் எடுக்கப்பட்ட அவருடைய மாதிரியில் பென்சாயில்எக்கோனின் என்னும் பொருள் காணப்பட்டது. கோகெய்ன் உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் எச்சம் அது. ஆண்டிஸ் மலைநாடுகளில் கோக்கா இலையைக் கொதிக்கவைத்துப் பருகும் தேநீரிலிருந்தும் அதே எச்சம்தான் உண்டாகிறது. பெருவில் அத்தேநீர் சட்டப்படி விற்கப்படுவது, வீட்டிலும் விடுதியிலும் விருந்தினருக்குக் கொடுக்கப்படுவது, நம் ஊர்களில் சுக்குக் காப்பி கொடுப்பதைப்போல வயிற்றுக் கோளாறுக்கும் மலையேற்ற மயக்கத்துக்கும் இயல்பாகக் குடிக்கப்படுவது. தேசிய அணியோடு தங்கியிருந்தபோது தமக்குப் பரிமாறப்பட்ட தேநீரில் தாம் அறியாமல் கோக்கா கலந்திருந்தது என்பது கெரேரோ தரப்பின் விளக்கம்.

நவம்பர் 3 அன்று அவர் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டார். தற்காலிகத் தடை என்பது விசாரணை முடிவதற்கு முன்பே, சோதனை முடிவை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வீரரை ஆட்டத்திலிருந்து விலக்கிவைப்பது. அதே மாதத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இறுதித் தகுதியாட்டங்களில் பெரு வென்று, 1982-க்குப் பின் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தேர்ச்சி பெற்றபோது, அதன் தலைவர் களத்தில் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. அம்மாதமே அதன் மேல்முறையீட்டுக் குழு அதை ஆறு மாதமாகக் குறைத்தது. 2018 மே தொடக்கத்தில் அந்த ஆறு மாதத்தையும் கழித்துவிட்டுத் தம் கழகமான ஃபிளமெங்கோவுக்காக அவர் மீண்டும் ஆடத் தொடங்கினார். ஆனால் தண்டனை போதாது என்று வாடாவும், தாம் குற்றமற்றவர் என்று கெரேரோவும் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் முறையிட்டிருந்தனர். மே 14 அன்று அது தடையை 14 மாதமாக உயர்த்தியது. உலகக் கோப்பை தொடங்க ஒரு மாதமே இருந்தது.

அத்தீர்ப்பில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆட்டத்திறனை உயர்த்திக்கொள்ளும் நோக்கம் கெரேரோவுக்கு இருந்ததில்லை என்பதை நடுவர்கள் ஏற்றுக்கொண்டனர். அவருடைய கவனக்குறைவு பெரியதன்று என்பதையும் ஏற்றுக்கொண்டனர். அவ்வாறு ஏற்றுக்கொண்ட பின்னரும், பெரிய கவனக்குறைவு இல்லாத நிலையில் தடை 12 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையே அமைய வேண்டும் என்று விதி வகுத்திருந்ததால், ஆறு மாதம் என்பது விதி அனுமதிக்காத எண்ணாகிவிட்டது. நடுவர்களின் கைகளை விதி கட்டியிருந்தது என்று சொல்வது மிகையாகாது. உலகக் கோப்பையில் பெருவை எதிர்த்து ஆடவிருந்த ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ் ஆகிய மூன்று அணிகளின் தலைவர்களும், கெரேரோ ஆடாமலிருப்பதால் ஆதாயம் அடையக்கூடிய அவர்களே, அவருக்குக் கருணை காட்டுமாறு ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதினர். ஊக்கமருந்து விதிகள் யாருடைய நலனைக் காப்பதற்காக ஏற்பட்டனவோ அவர்களே இதை அநீதி என்று கருதினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கால்பந்தில் அரிது.

இறுதியில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் மே மாத முடிவில் அத்தடையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. நடுவர் நீதிமன்றம் சுவிஸ் மண்ணில் இயங்குவதால் அதன் தீர்ப்புகளைக் குறுகிய காரணங்களின் பேரில் பரிசீலிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. 34 வயது வீரர் ஒருவரின் வாழ்வில் மகுடமாக அமையக்கூடிய போட்டி பறிபோகும் என்பதை அது கணக்கில் கொண்டது. கெரேரோ ரஷ்யாவுக்குச் சென்றார், ஜூன் 26 அன்று சோச்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். ஆகஸ்டில் அந்த நிறுத்திவைப்பு விலக்கப்பட்டு, எஞ்சிய தடை மீண்டும் தொடங்கியது. ஒரே குப்பி, மறுக்கப்படாத ஒரே உண்மை. பன்னிரண்டு மாதம், ஆறு மாதம், பதினான்கு மாதம், நிறுத்திவைப்பு என நான்கு மன்றங்களில் நான்கு முடிவுகள்.

கெரேரோவுக்காவது தீர்ப்பென்று ஒன்று கிடைத்த பின்னர்த்தான் பெருந்தடை வந்தது. பிரெஞ்சுத் தற்காப்பு ஆட்டக்காரர் மமாடு சாக்கோவின் வழக்கில் விசாரணைக்கு முந்தைய தடையே முழுத் தண்டனையாகிவிட்டது. 2016 மார்ச்சில் லிவர்பூல் அணிக்காக அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆடியபின் எடுத்த மாதிரியில், கொழுப்பைக் கரைக்கும் துணைப்பொருள் ஒன்றிலிருந்து வந்த ஹைஜெனமின் காணப்பட்டது. ஏப்ரல் இறுதியில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அவரை 30 நாட்களுக்குத் தற்காலிகமாக விலக்கியது. அந்த 30 நாட்களுக்குள் செவியாவுக்கு எதிரான ஐரோப்பா லீக் இறுதியாட்டம் நடந்து முடிந்தது. தன் சொந்த மண்ணில் நடக்கவிருந்த ஐரோப்பியக் கோப்பைக்கான அணியைப் பிரான்ஸ் அறிவித்ததும் அப்போதுதான். சாக்கோவின் பெயர் அதில் இல்லை. ஜூலையில் யூஃபா வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணம் வியப்பூட்டுவது: அப்பொருள் தடைப்பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை, அது தடைக்கு உட்பட்டதா என்பதில் வாடாவின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களுக்கிடையிலேயே ஒத்த கருத்து இருக்கவில்லை. 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் ஹைஜெனமின் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின்னும் தம்மைப்பற்றி வாடா வெளியிட்ட கருத்துகள் அவதூறானவை என்று சாக்கோ லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, 2020 நவம்பரில் வாடா மன்னிப்புக் கேட்டுக் கணிசமான இழப்பீடும் அளித்தது. அந்த இறுதியாட்டத்தையும் கோப்பையையும் எந்த இழப்பீட்டாலும் திருப்பித் தர இயலவில்லை.

முழுப் பொறுப்புக் கோட்பாட்டுக்கும் வீரர் உண்ணும் சோற்றுக்கும் உள்ள தொடர்பை மெக்சிகோ மிகத் தெளிவாகக் காட்டியது. 2011-இல் வட அமெரிக்கப் பகுதியின் தங்கக் கோப்பைப் போட்டியின்போது மெக்சிகோ அணியின் ஐந்து வீரர்களின் மாதிரிகளில் கிளென்பியூட்டரால் தென்பட்டது; தசையை வளர்க்க உதவும் இப்பொருளைக் கால்நடைகளைக் கொழுக்கவைக்கச் சிலர் முறைகேடாகத் தீவனத்தில் கலப்பதுண்டு. கெட்ட இறைச்சிமேல் பழிபோடுவது பிடிபட்டவர்களின் வழக்கமான சாக்கு என்று அதைப் பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அதே கோடையில் அதே நாட்டில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது. அங்கே எடுக்கப்பட்ட 208 மாதிரிகளில் 109 மாதிரிகளில் கிளென்பியூட்டரால் இருந்தது. பல நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அனைவரும் கூடிச் சதி செய்திருக்க இயலாது. ஐவர்மீது நடுவர் நீதிமன்றத்தில் தான் செய்திருந்த முறையீட்டை வாடா திரும்பப் பெற்றது. இறைச்சி வழியாக வரக்கூடிய மிகக் குறைந்த அளவுகளை உடனே விதிமீறலாக அறிவிக்காமல் முதலில் ஆராய வேண்டும் என்ற ஏற்பாடு சில ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு போட்டி முழுவதுமே ஒரே நேரத்தில் சிக்கியதால் உண்மை வெளிப்பட்டது. தனியொருவராக அவ்விறைச்சியை உண்டு தனியொருவராகச் சிக்கியிருந்தால், அவர் எதைக் காட்டித் தம்மைக் காத்துக்கொண்டிருப்பார் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

தண்டனையின் அளவில் காணப்படும் ஏற்றத்தாழ்வு பழைய குறை. 2003-இல் சோதனைக்கு வரத் தவறி, இரண்டு நாள் கழித்துச் சோதிக்கப்பட்டுத் தூயவராகவே காணப்பட்ட மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ரியோ ஃபெர்டினாண்டுக்கு இங்கிலாந்தில் எட்டு மாதத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் கிடைத்தன. அதே ஆண்டில் சோதனையைத் தவறவிட்ட மான்செஸ்டர் சிட்டி வீரர் கிறிஸ்டியன் நெகுவாய் 2,000 பவுண்டு அபராதத்தோடு தப்பினார்.

அண்மைக்காலத்தில் போல் போக்பாவின் வழக்கு இதே வினாவை வேறொரு பக்கத்திலிருந்து எழுப்பியது. 2023 ஆகஸ்டில் யுவென்டஸ் அணியின் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருந்து, களமிறங்காத ஓர் ஆட்டத்திற்குப்பின் எடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் சார்ந்த பொருள் காணப்பட, இத்தாலியத் தீர்ப்பாயம் அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. அமெரிக்காவில் மருத்துவர் ஒருவர் பரிந்துரைத்த துணைப்பொருளிலிருந்து அறியாமல் வந்தது என்பதை நடுவர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, தொழில்முறை வீரர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றும் கூறி, 2024 அக்டோபரில் தடையை 18 மாதமாகக் குறைத்தது. நான்காண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையே ஒரு வீரரின் தொழில்வாழ்வு முழுவதும் அடங்கிவிடக்கூடும். தடைக்காலத்தில் அணியோடு பயிற்சி செய்யவும் அனுமதி இல்லை, முடிவதற்கு முந்தைய சிறிது காலத்தில் மட்டுமே அது கிடைக்கும்; போக்பாவுக்கும் யுவென்டஸுக்கும் இடையிலான ஒப்பந்தம் அதற்குள்ளாகவே முடித்துக்கொள்ளப்பட்டது. இங்கே மறக்கக்கூடாத ஒன்று, உலகக் கோப்பை வென்ற வீரருக்குத் திறமையான வழக்கறிஞரையும் நச்சியல் வல்லுநரையும் அமர்த்திக்கொள்ளப் பொருள் இருந்தது என்பது. பொருளின் மூலத்தைக் கண்டறிந்து காட்டும் சுமை வீரருடையது என்று விதி சொல்லும்போது, மீந்த மாத்திரைகளை ஆய்வகத்திற்கு அனுப்பும் செலவுகூடத் தாங்காத இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை லீக் வீரருக்கு அதே விதி அதே நீதியைத் தருவதில்லை. அறிவியல் சோதனைக்கான செலவைத் தடுப்பு அமைப்புகளே ஏற்பதும், தற்காலிகத் தடை விதித்தால் சில வாரங்களுக்குள் முதல் விசாரணையை முடித்தாக வேண்டும் என்று தங்களையே கட்டுப்படுத்திக்கொள்வதும் நேர்மையான ஆட்டத்தை எவ்வகையிலும் தளரச் செய்யமாட்டா.

விதிகள் மாறவே மாறா என்பதும் இல்லை. 2021-இல் நடைமுறைக்கு வந்த வாடாவின் திருத்திய விதித்தொகுப்பு, கோகெய்ன், ஹெராயின், எக்ஸ்டஸி, கஞ்சாவின் போதைப்பொருள் ஆகியவற்றை விளையாட்டுக்கு வெளியே சமூகத்தில் தவறாகப் பயன்படுத்தப்படும் பொருட்கள் என்று தனியே வகுத்தது. போட்டிக் காலத்திற்கு வெளியே, ஆட்டத்திறனோடு தொடர்பின்றி அவை உட்கொள்ளப்பட்டன என்று வீரர் காட்டினால், தடை மூன்று மாதம். அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையை அவர் நிறைவு செய்தால் அது ஒரு மாதமாகவும் குறையலாம். அந்த விதி நான்காண்டுகள் முன்னதாக எழுதப்பட்டிருந்தால், அறிந்தே கோகெய்ன் உட்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளும் ஒருவருக்குக்கூட, தேநீரில் கோக்கா கலந்திருந்தது என்று சொன்ன கெரேரோவுக்குக் கிடைத்ததைவிடப் பதினொரு மாதம் குறைவான தடை கிடைத்திருக்கக்கூடும். கெரேரோ தம் 14 மாதங்களையும் கழித்துவிட்டு 2019 ஏப்ரலில், 35 வயதில், களத்திற்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூலையில் மரக்கானா அரங்கில் நடந்த கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகப் பெரு அடித்த ஒரே கோல் அவருடையது.