ஒரே அட்ரினலின், ஏன் தொடையில மட்டும்?

இந்தக் கிழமை எபிசோட்டில பப்ளிஷ்-சப்ஸ்கிரைப் பற்றிக் கதைச்சோம். அனுப்புறவர் எல்லாருக்கும் ஒரே செய்தியைத்தான் போடுவார். அதை வைச்சு என்ன செய்யிறது எண்டு கேட்கிற சேர்விஸ்தான் தீர்மானிக்கும். நேரம் போதாமல் விட்ட ஒரு உதாரணம் இருக்கு: எங்கட ரத்தக்குழாய்கள்.

அட்ரினலின் ரத்தத்தில கலந்தால் உடம்பு முழுக்கப் போகும். ஆனா எல்லாக் குழாயும் ஒரே மாதிரி நடக்காது. சிலது சுருங்கும், சிலது விரியும். 1948இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில ரேமண்ட் ஆல்க்விஸ்ட் இதுக்கு ஒரு விளக்கம் சொன்னார்: செய்தி ஒண்டுதான், அதை வாங்குற ரிசெப்டர் இரண்டு வகை. அவற்றுக்கு அல்ஃபா, பீட்டா எண்டு பேர் வைச்சார். ரத்தக்குழாயில அல்ஃபா 'சுருங்கு' எண்டும், பீட்டா-2 'விரி' எண்டும் எடுத்துக்கொள்ளும். எந்தக் குழாயில எது கூட எண்டதுதான் விஷயம்.

பார்க்டேலில ஜனவரி மாதம் குவீன் ஸ்ட்ரீட்டில 501க்குக் காத்து நிண்டவைக்குத் தெரியும், முதல்ல வெளுக்கிறது விரல் நுனி. தோலின் குழாய்களில அல்ஃபாதான் ஆட்சி. குளிருக்கு நரம்புகள் நோர்அட்ரினலினை விட, அவை இறுகி, சூட்டை உள்ளுக்கு மிச்சம் பிடிக்கும். கை கால் தசைகளின் குழாய்களில பீட்டா-2 நிறைய. அது அட்ரினலினைக் குறைந்த அளவிலேயே பிடிச்சு விரியும். அளவு நல்லாக் கூடினால்தான் அங்கேயும் அல்ஃபா மேலோங்கும்.

இது உயிர் காக்கிற இடம் எபிபென். கடும் ஒவ்வாமையில குழாய்கள் தளர்ந்து கசிய, ரத்த அழுத்தம் விழும், மூச்சுக்குழாய் அடைபடும். அட்ரினலின் அல்ஃபாவால குழாயை இறுக்கும், பீட்டாவால இதயத்தைத் தூண்டி மூச்சுக்குழாயைத் திறக்கும். ஒரே ஊசி, மூண்டு வேலை. ஆனா நிமிடக் கணக்கில ரத்தத்துக்குப் போய்ச் சேரவேணும்.

1998இல் மனிடோபா பல்கலைக்கழகத்தின் எஸ்டெல் சைமன்ஸும் குழுவும் பிள்ளைகளில இதை அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையில போட்டபோது ரத்தத்தில அட்ரினலின் உச்சத்துக்கு வர சராசரி 8 நிமிடம். தோலுக்குக் கீழே போட்டபோது 34 நிமிடம். தோலடியில மருந்து தன்ர வழியைத் தானே அடைச்சுக்கொள்ளுது: சுற்றியிருக்கிற குழாய்களை இறுக்கிவிட்டால் அதை எடுத்துப் போக ரத்தம் இல்லை. தொடைத் தசையில ரத்த ஓட்டமும் பெரிசு, பீட்டா-2வும் இருக்கு. அதனாலதான் தொடையின் வெளிப்பக்கம், உடுப்புக்கு மேலாலேயே.

ஒன்ராறியோவில 2006 ஜனவரி 1 முதல் சப்ரினா சட்டம் நடைமுறையில இருக்கு. 13 வயதில ஒவ்வாமையால இறந்த ஒரு மாணவியின் பேரில வந்த இந்தச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிச் சபையும் இதுக்கு ஒரு திட்டம் வைச்சிருக்கவேணும். வீட்டில? அம்மம்மாவுக்கு எபிபென்னை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு காட்டிக் குடுத்தாச்சா? தலைகீழாகப் பிடிச்சால் ஊசி பெருவிரலில ஏறும். அல்ஃபா ஆட்சியில இருக்கிற விரல் வெளுத்துக் குளிரும், பிள்ளைக்குப் போகவேண்டிய மருந்தும் வீண். அப்பிடி நடந்தால் பிள்ளைக்கு 911. ஊசி ஏறினவருக்கும் அவசரப் பிரிவு. பார்க்டேல்காரருக்குக் கிட்ட இருக்கிறது குவீன்ஸ்வேயில சென் ஜோசப்ஸ்.

இன்னொண்டு. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா புளொக்கர் எடுக்கிற அப்பா அம்மாவுக்கு ஒவ்வாமையும் இருந்தால் டொக்டரிட்ட சொல்லுங்கோ. செய்தி வரும், ஆனா பீட்டா பக்கத்துக் கதவு பாதி பூட்டு. எபிபென் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். அதுக்காக மாத்திரையை நீங்களாக நிப்பாட்டவும் வேண்டாம், ஊசி போடத் தயங்கவும் வேண்டாம். ஊசி போட்டதும் உடனே 911.

இண்டைக்கு வீட்டில இருக்கிற எபிபென்னின் திகதியைப் பாருங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.