கணக்கில் எழுதப்படாத ஓய்வு

கடந்த 2025 டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்று நாள்களில் இண்டிகோ நிறுவனத்தின் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் நாடெங்கும் விமான நிலையங்களில் தவித்தனர். இது குறித்து விசாரித்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2026 ஜனவரியில் அந்த நிறுவனத்துக்கு ரூ.22.20 கோடி அபராதம் விதித்தது. அபராதம் போதுமா, போதாதா என்று பலரும் விவாதித்தனர். எனக்கோ, விசாரணைக் குழு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்த ஒரு சொற்றொடர்தான் உறுத்தியது: செயல்பாடுகளின் மிகையான உகப்பாக்கம்.

ஆடைத் தொழிற்சாலைகளில் தொழிலகப் பொறியாளனாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். உகப்பாக்கம்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். இருக்கும் ஆள்கள், இயந்திரங்கள், நேரம், பணம் ஆகியவற்றைக் கொண்டு எட்டக்கூடிய ஆகச் சிறந்த முடிவைக் கணக்கிட்டுக் கண்டறிவதே அதன் பொருள். ஆகச் சிறந்தது என்றான பின்னர் அதில் மிகை எப்படி வரும்? தராசில் சரியாக நின்ற எடையை 'மிகச் சரியாக நின்றுவிட்டது' என்று யாரும் குறை கூறுவதில்லை. எனவே, அந்தச் சொற்றொடருக்குக் கணித நோக்கில் பொருளே இல்லை. ஆனாலும், விசாரணைக் குழு சொல்ல வந்தது உண்மை. எங்கள் துறையினர் தங்களுக்குள்கூட உரக்கப் பேசத் தயங்கும் உண்மை அது.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயல்முறை ஆராய்ச்சி, இரண்டாம் உலகப் போரின்போது வளர்ந்த துறை. இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் போன்றோர் பிரிட்டனில் அதற்கு வடிவம் கொடுத்தனர். பெரிய அணியாகச் செல்லும் சரக்குக் கப்பல்கள், சிறிய அணிகளாகச் செல்பவற்றைவிடக் குறைந்த விகிதத்திலேயே மூழ்கடிக்கப்படுகின்றன என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டியது புகழ்பெற்றது. போருக்குப் பின்னர் அந்த முறைகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. இன்று பிளஸ் 1 வணிகக் கணிதம் படிக்கும் மாணவர்கூட நேரியல் திட்டமிடல் கணக்கை வரைபடத்தாளில் போட்டுப் பார்க்கிறார்.

அந்தக் கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. எதைக் கூட்ட வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்பது குறிக்கோள். எந்தெந்த எல்லைகளை மீறக்கூடாது என்பது கட்டுப்பாடுகள். இவ்விரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டால், விடை காண்பது கணினியின் வேலை.

விமானப் பணிப் பட்டியல் என்பதும் இதே கணக்கின் பிரம்மாண்டமான வடிவமே. ஒரு விமானி தமது தளத்திலிருந்து புறப்பட்டு, சில விமானங்களை இயக்கி, சில நாள்களில் தமது தளத்துக்கே திரும்ப வேண்டும். இப்படியொரு சுற்றைப் பல லட்சம் விதங்களில் அமைக்கலாம். அவற்றுள், ஒவ்வொரு விமானத்துக்கும் ஆள் இருக்குமாறும், பணிநேர விதிகள் மீறப்படாமலும், செலவு ஆகக் குறைவாகவும் இருக்கும் சுற்றுகளின் தொகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையால் செய்ய முடியாத இந்த வேலையைக் கணினி செம்மையாகச் செய்துவிடுகிறது. அதனால் கிடைக்கும் சேமிப்பும் உண்மையானது. குறைந்த கட்டணத்தில் நடுத்தரக் குடும்பங்கள் விமானம் ஏறியதில் இந்தக் கணக்குகளுக்கும் பங்குண்டு. அதை மறுத்துப் பேசுவது நன்றியில்லாத பேச்சு.

ஆனால், எழுதிக் கொடுக்காத எதையும் கணினி தானாக நினைவில் கொள்ளாது. நேரியல் திட்டமிடலுக்கான 'சிம்ப்ளக்ஸ்' முறையை 1947-இல் உருவாக்கிய ஜார்ஜ் டான்ட்சிக்கே இதை அனுபவித்து அறிந்தார். 1950-களின் தொடக்கத்தில் உடல் எடையைக் குறைக்க எண்ணிய அவர், தமக்கான உணவுப் பட்டியலைத் தமது முறையிலேயே கணக்கிட முற்பட்டார். ஊட்டச்சத்துத் தேவைகளையும் கலோரி வரம்பையும் கட்டுப்பாடுகளாக எழுதினார். வயிறு நிறைந்த உணர்வு வேண்டுமென்பதால், உணவின் எடையில் நீரின் எடையைக் கழித்து, மீதியைக் கூட்டுவதைக் குறிக்கோளாக வைத்தார். கணினி தந்த பட்டியலில் 500 கேலன் வினிகர் இருந்தது. ஏறத்தாழ 1,900 லிட்டர்! அவர் பயன்படுத்திய தரவில் வினிகரின் நீர் அளவு பூஜ்யம் என்று பதிவாகியிருந்ததே காரணம்.

வினிகரை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டார். இம்முறை நாளொன்றுக்கு 200 சூப் கட்டிகள் வந்தன. சோதித்துத்தான் பார்ப்போமே என்று ஒரு கோப்பை வெந்நீரில் சில கட்டிகளைக் கரைத்து வாயில் வைத்தவர், உப்புக் கரிப்புத் தாளாமல் துப்பிவிட்டார். உப்புக்கு மேல்வரம்பு எழுத வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அளவுக்கு மேல் யார்தான் உப்பு தின்பார்கள்? எல்லோருக்கும் தெரிந்திருந்ததாலேயே யாரும் அதை எழுதி வைக்கவில்லை. சூப் கட்டிக்கு வரம்பு விதித்ததும் தவிட்டைத் தின்னச் சொன்னது. தவிட்டுக்கு வரம்பு விதித்ததும் கரும்புப் பாகுக்குத் தாவியது. கடைசியில் மனைவி ஆன் வகுத்த உணவுமுறைதான் நிலைத்தது. இந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் டான்ட்சிக்கே நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார்.

என் அனுபவத்தில் நகைச்சுவை குறைவு. கொங்குப் பகுதியில் நான் வேலை பார்த்த ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் வேன்களில் வந்து சென்றனர். வேன் செலவைக் குறைக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஊர்களையும் தொலைவுகளையும் ஆள் எண்ணிக்கையையும் திரட்டிக் கணக்கிட்டேன். ஒன்பது வேன்கள் செய்த வேலைக்கு ஏழு வேன்கள் போதும் என்று விடை வந்தது. நிர்வாகம் பாராட்டியது, எனக்கும் பெருமிதம்தான்.

புதிய ஏற்பாடு தொடங்கிய இரண்டாவது வாரத்தில், காலர் தைக்கும் பிரிவில் வேலை செய்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் என் மேசைக்கு வந்தார். "சார், வேனுக்காரர் இப்பெல்லாம் ஊருக்குள்ள வர்றதில்லீங்க, விலக்குலயே எறக்கி உட்டர்றாருங்க. அங்கிருந்து ஒன்னரைக் கிலோமீட்டரு நடக்கோணுங்க. ஓவர்டைம் முடிஞ்சு போறப்ப மணி ஒம்போதுங்க, வழியில ஒரு லைட்டு கெடையாது. உங்க கம்ப்யூட்டருக்கு அது தெரியுங்களா?" என்று கேட்டார்.

தெரியாது. நான் தொலைவை எழுதியிருந்தேன், இருட்டை எழுதவில்லை. வேன் ஊருக்குள் சென்று திரும்பும் மூன்று கிலோமீட்டர் செலவாகக் கணக்கில் இருந்தது. அவர்கள் நடக்கும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கணக்கில் இடமே இல்லை. இடம் இல்லாத ஒன்றைக் கணினி இலவசம் என்றே எடுத்துக்கொள்ளும்.

இரவில் ஊருக்குள்தான் இறக்கிவிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது எட்டு வேன்கள் தேவைப்பட்டன. தாளை வாங்கிப் பார்த்த மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ஒரு நிபந்தனைக்கு மட்டும் மாதம் எவ்வளவு ஆகிறது?" ஒரு வேனின் மாத வாடகை என்று என்னால் உடனே சொல்ல முடிந்தது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் தொகை எதுவும் இல்லை. எட்டாவது வேன் வர மூன்று மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த நான்கு பெண்கள் வேலையை விட்டுவிட்டனர். என் மேசைக்கு வந்து கேட்டவரும் அவர்களுள் ஒருவர்.

மேலாளர் கேட்ட கேள்விக்குக் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு: நிழல் விலை. ஒரு கட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் குறிக்கோள் எவ்வளவு மேம்படும் என்பதைக் காட்டும் எண் அது. இஸ்திரிப் பிரிவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் லாபம் 400 ரூபாய் கூடும் என்றால், அந்த மணி நேரத்தின் நிழல் விலை ரூ.400. லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைகளின் உற்பத்திச் சிக்கலைத் தீர்க்க முனைந்த லியோனித் கான்டரோவிச், 1939-லேயே இக்கருத்தை எட்டியிருந்தார். விலை என்ற பேச்சையே ஐயத்துடன் பார்த்த சோவியத் பொருளியலாளர்களிடம் அவர் நெடுங்காலம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு 1975-இல் டியாலிங் கூப்மன்ஸுடன் சேர்ந்து பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

நிழல் விலை மிகப் பயனுள்ள எண். ஆனால், அது ஒரு திசையில் மட்டுமே பேசும். கட்டுப்பாட்டை நீக்கினால் கிடைப்பது என்ன என்று சொல்லும். அந்தக் கட்டுப்பாடு யாரைக் காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லாது. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு தரப்பினர் கையில் எண்ணும், மறுதரப்பினர் கையில் மனக்குறையும் இருந்தால், எது வெல்லும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விமானிகளின் ஓய்வு இத்தகையதொரு கட்டுப்பாடே. வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவுப் பணியில் ஒரு விமானி மேற்கொள்ளும் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் டிஜிசிஏ கொண்டுவந்த விதிகள் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டவை. அவற்றின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. கட்டுப்பாடு இறுகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கணக்கு தரும் விடை எளியது: ஆள் சேர்க்க வேண்டும், அல்லது விமானங்களைக் குறைக்க வேண்டும். டிசம்பரில் நெருக்கடி முற்றியபோது நடந்தது வேறு. இரவுப் பணி தொடர்பான விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. பயணிகளின் அவதியைப் பார்க்கும்போது அரசுக்கு வேறு வழி இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும், நெருங்கிவந்த கட்டுப்பாட்டுக்குத் தயாராகாத நிறுவனத்துக்காகக் கட்டுப்பாடே தளர்ந்துகொடுத்தது.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த ஏ.கே.எர்லாங் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கோட்பாடு அது. ஒரே ஊழியர் இருக்கும் அலுவலகக் கவுண்டரை எண்ணிப் பாருங்கள். மக்கள் முன்பின்னாக வருகிறார்கள். ஒருவரின் வேலை முடியச் சராசரியாக 10 நிமிடங்கள் ஆகின்றன. ஆனால், ஆளுக்கு ஆள் அது மாறுபடுகிறது. கோட்பாட்டின் எளிய வடிவத்தின்படி, ஊழியர் தமது நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால் வருபவர் சராசரியாக 40 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். 90 சதவீதமானால் 90 நிமிடங்கள். 95 சதவீதமானால் 190 நிமிடங்கள். மேலாளரின் பார்வையில் ஊழியரின் 'வீணான' நேரம் 20 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. வரிசையில் நிற்பவரின் பார்வையில் 40 நிமிடக் காத்திருப்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. கடைசிச் சில சதவீதங்களைப் பிழிந்தெடுக்கும் இடத்தில்தான் விலை செங்குத்தாக ஏறுகிறது.

விமானப் பணிப் பட்டியலிலும் இதன் சாயலைக் காணலாம். மூடுபனியால் காலையில் ஒரு விமானம் தாமதமாகிறது. அதன் விமானிக்கு மாலையில் பணிநேர வரம்பு எட்டிவிடுகிறது. மாற்று ஆள் இருந்தால் அந்தத் தாமதம் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் அது அடுத்த ஊருக்கும் மறுநாளுக்கும் பயணம் செய்யும். மாற்றுப் பணிக்காகக் காத்திருந்து, அழைப்பு வராமலே வீடு திரும்பும் விமானியின் சம்பளம் பேரேட்டில் வீண் செலவாகவே தெரியும். அந்தச் செலவு எதைத் தடுத்தது என்பதற்குப் பேரேட்டில் வரி கிடையாது.

இதற்காகக் கணிதத்தைக் குறை சொல்வதற்கில்லை. தாமதம், நோய், வானிலை, தேவையின் ஏற்ற இறக்கம் ஆகிய நிச்சயமின்மைகளையும் சேர்த்தே கணக்கிடும் முறையை 1955-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர் அதே டான்ட்சிக். அதன் பின்னர் இத்துறை வெகுதூரம் வளர்ந்துவிட்டது. இடைவெளியை எங்கே, எவ்வளவு விட வேண்டும் என்பதையும் கணக்கிட்டே சொல்ல முடியும். அப்படிக் கணக்கிட்டால், எல்லாம் சரியாக நடக்கும் நாளில் செலவு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதலை ஒவ்வொரு காலாண்டிலும் நியாயப்படுத்தும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். விசாரணைக் குழு மிகையான உகப்பாக்கம் என்று பெயரிட்டதை நான் அரைகுறைக் கணக்கு என்பேன். எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கு மட்டும் போடப்பட்ட கணக்கு அது.

அபராதத்துடன் ரூ.50 கோடிக்கு வங்கி உத்தரவாதமும் அளிக்குமாறு டிஜிசிஏ பணித்திருக்கிறது. சீர்திருத்தங்கள் சரிபார்க்கப்பட்ட பின்னர் அது படிப்படியாக விடுவிக்கப்படும். எதைச் சரிபார்ப்பார்கள் என்பதில்தான் என் கவனம் இருக்கிறது. பணியமர்த்தப்பட்ட விமானிகளின் எண்ணிக்கையைக் கேட்டால் போதாது. நூறு பணிகளுக்கு எத்தனை பேர் மாற்றுப் பணியில் தயாராக இருக்கிறார்கள், பணிநேர வரம்பு எட்ட இன்னும் எத்தனை மணி நேரம் மீதமிருக்குமாறு பட்டியல் போடப்படுகிறது, ஒரு நகரில் ஏற்படும் இரண்டு மணி நேரத் தாமதம் அன்று எத்தனை விமானங்களைப் பாதிக்கிறது என்று கேட்க வேண்டும். பட்டியல் போடும் கணினியிடம் கேட்டாலே கிடைத்துவிடும் எண்கள் இவை. நிறுவனவாரியாக, குறித்த நேரத்தில் புறப்பட்ட விமானங்களின் சதவீதத்தையும் ரத்துகளின் சதவீதத்தையும் டிஜிசிஏ மாதந்தோறும் ஏற்கெனவே வெளியிட்டு வருகிறது. அதே அறிக்கையில் இந்த எண்களையும் ஒரு பத்தியாகச் சேர்த்து, வரும் மாதங்களிலேயே வெளியிடத் தொடங்கலாம்.