குழந்தைகளுடன் மலையேற்றம்: வயது வரம்பு எதற்காக?

விடுமுறை நாட்களில் கப்பலூர், திருமங்கலம் பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் அழகர்மலை, சதுரகிரி, மேகமலை ஆகிய இடங்களுக்குச் செல்கின்றன. “குழந்தை நன்றாக நடக்கிறதே, பிறகு ஏன் வயது கேட்கிறார்கள்?” என்று பெற்றோர் வினவுவதுண்டு. வயது வரம்பு கால் வலிமையை மட்டும் கருதி வகுக்கப்படுவதன்று.

விதிகள் கூறுவது

தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில், 18 வயதுக்குட்பட்டோர் கலந்துகொள்ளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 10 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் எளிய பாதைகளில் மட்டுமே செல்லலாம்.

உகாண்டா, ருவாண்டா நாடுகளில் மலைக் கொரில்லாக்களைக் காணச் செல்வோருக்குக் குறைந்தபட்ச வயது 15. கடினமான பாதை ஒரு காரணம். நோய்த்தொற்று மற்றொரு காரணம். மனிதரின் சளி, காய்ச்சல், தட்டம்மை ஆகியவை கொரில்லாக்களையும் தாக்கக்கூடியவை. சிறுவர்களுக்கு இத்தொற்றுகள் அடிக்கடி வருகின்றன. காய்ச்சலோ இருமலோ உள்ள பெரியவர்களுக்கும் அங்கு அனுமதியில்லை. நம் மலைக் குரங்குகளிடமும் இதே விலகல் நன்று. நோய் இருபுறமும் பரவக்கூடும்.

குழந்தையின் உடல் வேறுபடுவது எப்படி?

குழந்தைகளுக்கு வியர்வை குறைவாகச் சுரப்பதால் உடல் விரைவில் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் களைப்பையும் அவர்கள் சொல்வதில்லை. முதுகில் சுமந்து செல்லப்படும் கைக்குழந்தை நடக்காவிட்டாலும் வெயிலின் தாக்கத்திலிருந்து தப்புவதில்லை.

புறப்படும் முன்

• காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் இருந்தால், வயது தகுதியாயினும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
• ஆஸ்துமா, வலிப்பு, இதயக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு முன்னதாகவே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள். வழக்கமான மருந்துகளையும் இன்ஹேலரையும் கையில் வைத்திருங்கள்.
• தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் இரு தவணைகளும் (9 முதல் 12 மாதம், 16 முதல் 24 மாதம்) போடப்பட்டுள்ளனவா எனச் சரிபாருங்கள்.
• குடிநீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தொப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

வழியில்

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருப்பது உடலில் நீர் குறைந்ததன் அறிகுறி. தலைச்சுற்றல், வாந்தி ஏற்பட்டால் நிழலில் அமர்த்தி ஓய்வளியுங்கள். குழப்பமான பேச்சு, மயக்கம், கொதிக்கும் உடல் ஆகியவை வெப்பத்தாக்கின் அபாய அறிகுறிகள். உடனே உடலில் நீர் ஊற்றி விசிறிக் குளிர்வித்து, 108-ஐ அழையுங்கள். மயங்கிய குழந்தைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

குரங்குகளுக்கு உணவளிக்காதீர்கள், குழந்தையின் கையில் தின்பண்டத்தைத் திறந்து கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி அங்கு இலவசமாகப் போடப்படுகிறது. முதல் ஊசியோடு நிறுத்தாமல், மருத்துவர் குறித்துத் தரும் எல்லாத் தவணைகளையும் முடிப்பது அவசியம்.

வனத்துறை பார்ப்பது குழந்தையின் வயதை. அன்று காலை அதன் உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கக்கூடியவர் நீங்கள் மட்டுமே. குழந்தை சோர்ந்திருந்தால் பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள்.