இளையோர் அமரும் பார்லிமெண்ட்

தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும், பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், பெரும்பாலும் நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காமன்ஸ் சபையின் பச்சை ஆசனங்களில் அவற்றுக்கு உரிய அங்கத்தினர்கள் எவரும் இராமல், பதினோரு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள இளையோர் முந்நூறு பேர் அளவில் வந்து அமர்ந்து, தேசத்தின் காரியங்களைப் பற்றி நாள் முழுவதும் விவாதிக்கிறார்கள். இதற்குப் பிரிட்டிஷ் இளைஞர் பார்லிமெண்ட் என்று பெயர். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அல்லர். பரிசுக்காகப் பேச வந்தவர்களும் அல்லர். தத்தம் வட்டாரத்து இளையோரால் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்கள் பொருட்டுப் பேச வந்த பிரதிநிதிகள் என்பதே அந்த நாளின் விசேஷம்.

1999-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஸ்தாபனம் 2001-இல் தன் முதல் கூட்டத்தைக் கூட்டியது. காமன்ஸ் சபையின் மண்டபமோ அத்தனை எளிதில் திறந்துவிடவில்லை. தேர்தலில் வென்று வந்தவரைத் தவிர வேறு எவரும் அங்கே அமர்ந்து விவாதிக்கலாகாது என்பது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட சம்பிரதாயம். அதை இளைஞர்களுக்காகத் தளர்த்துவது முறையா என்ற கேள்வி 2009-இல் சபையின் முன் வந்தபோது, ஆசனத்தின் கௌரவம் குறைந்துபோகும் என்று ஆட்சேபித்த அங்கத்தினர்களும் இருந்தார்கள். வாக்கெடுப்பில் அனுமதிப்பவர் பக்கமே வென்றது. அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, சபாநாயகர் ஜான் பெர்கோ தலைமை வகிக்க, இளைஞர்கள் முதன்முறையாக அந்த ஆசனங்களில் அமர்ந்தார்கள்.

இளைஞர்கள் கூடும் நாளில் ஓர் இளைய பிரதிநிதி கடந்து செல்லும் இடங்களை எண்ணிப் பார்த்தாலே, அந்த நாள் எத்தகைய கல்வி என்பது விளங்கும். 1097-இல் எழும்பிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த தன் மாபெரும் ஓக் மரக் கூரையோடு அவர்களை வரவேற்கிறது. முதலாம் சார்ல்ஸ் மன்னன் குற்றவாளியாக நின்று 1649-இல் மரண தண்டனை பெற்றது அந்த மண்டபத்தில்தான். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து நாடு திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸின் மீது, 1788-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர் எட்மண்ட் பர்க் நாட்கணக்காகப் பேசிக் குற்றம் சாட்டியதும் அங்கேதான். அரசனும் அதிகாரியும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே என்ற பாடத்தை அந்தக் கற்கள் மீது நடக்கையிலேயே ஒரு சிறுவனோ சிறுமியோ கற்றுக்கொள்ள முடிகிறது.

அதைத் தாண்டி உள்ளே சென்றால் காமன்ஸ் சபையின் மண்டபம். 1941 மே மாதத்தில் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் அழிந்துபோய், ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி மீண்டும் கட்டப்பட்டு, 1950 அக்டோபரில் திறக்கப்பட்ட மண்டபம் அது. அங்கத்தினர் அறுநூற்றைம்பது பேராயினும் ஆசனங்கள் 427 பேருக்கே உண்டு. சபை சிறிதாக, எதிரெதிர் வரிசைகளாக இருந்தால்தான் விவாதம் உயிரோடு இருக்கும் என்று போர்க்காலப் பிரதமர் சர்ச்சில் வற்புறுத்தியதால் பழைய அளவிலேயே அதைக் கட்டினார்கள். காமன்வெல்த் நாடுகள் பலவும் அதற்குக் காணிக்கை அனுப்பின. சபாநாயகரின் ஆசனம் ஆஸ்திரேலியா அளித்தது. நடுவிலுள்ள மேஜை கனடா அளித்தது. வாயிற்கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் அளித்தவை. சபையின் ஒழுங்கைக் காக்கும் அதிகாரியின் நாற்காலி இலங்கையிலிருந்து சென்றது. இருபுறத்து வரிசைகளுக்கும் முன்னே தரையில் ஓடும் சிவப்புக் கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம், வாளேந்திய இருவர் கைநீட்டினாலும் ஒருவரையொருவர் தொட முடியாத தூரம் என்பது வழிவழி வந்த வழக்கு. வாளை உறையில் இட்டுவிட்டு வாயினால் வழக்காடுவதே சபை என்ற தத்துவம், அந்தக் கோட்டுக்கு இப்பால் வந்து அமரும் இளைஞனுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே புலனாகும்.

இனி விவாதத்துக்கு வருவோம். எதைப் பேசுவது என்பதை ஆசிரியரோ அமைச்சரோ தீர்மானிப்பதில்லை. தேசமெங்கும் பள்ளிகளிலும் இளைஞர் சங்கங்களிலும் வாக்குச்சீட்டுகள் வழங்கப்பட்டு, இளையோர் தங்களை வருத்தும் பிரச்சினை எது என்று குறித்துக் கொடுக்கிறார்கள். 2018-இல் அவ்வாறு வாக்களித்தோர் பதினொரு லட்சத்துக்கும் அதிகம். அதிக வாக்குப் பெற்ற விஷயங்களே சபைக்கு வருகின்றன. சபாநாயகர் ஆசனத்தில் அமர்கிறார். ஒவ்வொரு விஷயத்தையும் ஒருவர் முன்வரிசையிலிருந்து தொடங்கி வைக்க, மற்றொருவர் அதன் மறுபக்கத்தை எடுத்துரைக்கிறார். பிறகு, பேச விரும்புவோர் எல்லாரும் எழுந்து நின்று சபாநாயகரின் பார்வை தங்கள் மீது விழாதா என்று காத்திருக்கிறார்கள். எழுந்தவர் அத்தனை பேருக்கும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. நெடுந்தூரம் ரயிலில் வந்து, பேச்சை எழுதித் திருத்தி மனனம் செய்து, பலமுறை எழுந்து எழுந்து நின்றும் அழைக்கப்படாமல் அமர்ந்துவிடுகிற பிரதிநிதிகளே மிகுதி. அழைக்கப்பட்டவருக்கும் கிடைப்பது சொற்ப நேரமே. ஆனால் அந்தச் சொற்ப நேரத்தில் சொன்னது, பார்லிமெண்டின் நடவடிக்கைகளைப் பதியும் ஹான்சார்ட் குறிப்பில் ஏறி நிலைத்துவிடுகிறது.

விவாதம் முடிந்தபின் பிரதிநிதிகள் வாக்களித்து, அடுத்த ஆண்டு முழுவதும் தாங்கள் எந்தக் காரியத்துக்காக உழைப்பது என்று முடிவு செய்கிறார்கள். பொதுப் போக்குவரத்தை மலிவாகவும் எல்லாருக்கும் எட்டுவதாகவும் ஆக்க வேண்டும் என்று 2011-இல் தீர்மானித்தார்கள். வாழ்க்கைக்குப் பயன்படும் பாடத்திட்டம் வேண்டும் என்று 2012-இல் தீர்மானித்தார்கள். தெருக்களில் இளைஞர்கள் கத்தியால் குத்துண்டு மடிவதை ஒழிக்க வேண்டும் என்று 2018-இல் தீர்மானித்தார்கள். இங்கே நன்றாகக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. சாதாரணப் பேச்சுப் போட்டியில் பேசியவர் வெல்கிறார். கோப்பை அவர் வீட்டு அலமாரிக்குப் போகிறது. பேசிய பொருளை மறுநாள் ஒருவரும் நினைப்பதில்லை. இந்தச் சபையிலோ பொருள் வெல்கிறது. சிறப்பாகப் பேசியவரும், பேச அழைக்கப்படாமலே போனவரும், தாம் ஆதரித்த விஷயம் தோற்கக் கண்டவரும், வென்ற விஷயத்துக்காகவே ஊர் திரும்பி உழைக்கக் கடமைப்படுகிறார்கள்.

பிரதிநிதி என்பவர் தம்மை அனுப்பியவர்களின் குரலை அப்படியே ஒப்பிக்க வேண்டியவரா, அல்லது தம் விவேகத்தையும் அவர்களுக்கு அளிக்கக் கடமைப்பட்டவரா என்பது பழைய கேள்வி. முன்னே சொன்ன பர்க், 1774-இல் பிரிஸ்டல் நகரத்து வாக்காளர்களிடமே நேரில் நின்று, தம் உழைப்போடு தம் நிதானமான தீர்ப்பும் அவர்களுக்கு உரியது என்றும், அவர்கள் அபிப்பிராயத்துக்காக அதைப் பலியிட்டால் அது துரோகமாகும் என்றும் எடுத்துரைத்தார். அதே கேள்வியைப் பதினைந்து பதினாறு வயதில் நேருக்கு நேர் சந்திக்கும் பாக்கியம் இந்த இளைஞர்களுக்கு வாய்க்கிறது. தன் வட்டாரத்துப் பிள்ளைகள் ஒரு விஷயத்துக்கு வாக்களித்திருக்க, எதிர்வரிசையிலிருந்து கேட்ட வாதம் தன் மனத்தை மாற்றிவிட்டால் அந்தப் பிரதிநிதி என்ன செய்ய வேண்டும்? இதற்குப் புத்தகத்தில் விடை தேட முடியாது. தானே ஆலோசித்து, தானே தீர்மானித்து, ஊருக்குத் திரும்பித் தன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் முன் நின்று காரணம் சொல்லியாக வேண்டும். ஜனநாயகத்தின் ஜீவநாடி பேச்சுவன்மையிலே அன்று, இவ்வாறு பதில் சொல்லும் பொறுப்பிலேதான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சபை ஒரு சட்டமும் இயற்ற முடியாதே, ஒரு காசு வரியும் விதிக்க முடியாதே, இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அபிப்பிராயம் முதிர்ந்துதான் சட்டமாகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பதினாறு வயதினருக்கு வாக்குரிமை வேண்டும் என்று இந்த இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தார்கள். ஸ்காட்லாந்து பிரிவதா இருப்பதா என்று 2014-இல் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில் பதினாறு வயதினரும் வாக்களித்தார்கள். பிறகு ஸ்காட்லாந்தின் பார்லிமெண்டுத் தேர்தலிலும், 2021-இல் வேல்ஸ் தேர்தலிலும் அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசாங்கமே தேசம் முழுவதற்கும் அதை விரிவாக்கப்போவதாக அறிவித்தது. பலர் பல இடங்களில் முயன்று விளைந்த பலன் இது. இளைஞர் பார்லிமெண்டினால் மட்டுமே விளைந்தது என்று கூறுவது மிகையாகும். ஆனால் அந்தப் பலரில் இந்த இளைஞர்களும் உண்டு; தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்டார்கள் என்ற பெருமை அவர்களுக்கே உரியது.

இளையோர் பொறுப்பில்லாதவர்கள் என்று பெரியவர்கள் குறைகூறுவது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். பொறுப்பைக் கொடுக்காமலே பொறுப்பை எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும் என்று அவர்கள் ஆலோசிப்பதில்லை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விவாதங்களை நடத்தும் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள். மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். பேசுபவரை நீங்கள் நியமிக்காதீர்கள். வகுப்பே தன் பிரதிநிதியை அனுப்பட்டும். முடிவில் பரிசு வழங்குவதோடு கலைந்துவிடாமல், வென்ற விஷயத்துக்காக அந்த ஆண்டில் ஏதேனும் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய மண்டபமும் வேண்டாம், பெரும் பொருளும் வேண்டாம்; பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் மனம் ஒன்றே போதும்.